நிலப்படமும் நிறவிதியும்

சென்னைக்குத் தென்மேற்கே பரங்கிமலையின் அருகில், 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 10-ஆம் நாளன்று, வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் எஃகுச் சங்கிலியொன்றைத் தரைமேல் நீட்டி நிலத்தை அளக்கத் தொடங்கினார். அன்று அளந்த ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள கோட்டினை அடியாகக் கொண்டு, முக்கோணத்தின்மேல் முக்கோணமாக வளர்ந்த அளவை, காலப்போக்கில் இமயமலை வரையிற் சென்றது. அதனாற் பிறந்த நிலப்படங்கள் யாவும் தாளில் அச்சிடப்பெற்றவை. தாளிற் படிந்த நிறம் படிந்ததே. ஓர் ஊரின் நிலை மாறினும் அதன் நிறம் மாறாது. மாற்ற விரும்புவார் வேறு படம் அச்சிடல் வேண்டும்.

இன்று நாம் கைப்பேசித் திரையிற் காணும் நிலப்படம் அத்தகையதன்று. விரல் தொட்ட இடத்தில் எல்லைக்கோடு தடித்துக் காட்டும். நாளை மாற்றினால் ஊர்களின் நிறமும் உடன் மாறும். மழையின் அளவைக் காட்டிய படமே மறுகணத்தில் நீர் தேங்கிய தெருக்களைக் காட்டும். இம்மாற்றத்தைச் செய்வது யாது? ஒவ்வோர் ஊருக்கும் ஒருவர் அமர்ந்து வண்ணம் தீட்டுகின்றாரல்லர். ஒரு சிறு விதி ஒரே முறை எழுதப்படுகின்றது. பல்லாயிர முறை கேட்கப்படுகின்றது. கணிப்பொறி நூல்கள் அதனைச் செயற்கூறு என வழங்கும். அதன் இயல்பினையும், அதனைக் கையாளப் புகுந்து யாம் செய்த ஒரு பிழையினையும் ஈண்டு எழுதத் துணிந்தோம். தமிழ் பயிலும் மாணாக்கர்க்கு இவ்வேலை எற்றுக்கு என்று வினவுவார் சிலர் இருக்கலாம். அவர்க்கு விடை இடையில் வரும்.

எம் தோழர் மூவரும் யாமுமாகச் சேர்ந்து, பருவமழைக் காலத்தை முன்னிட்டு ஒரு படம் ஆக்க முயன்றோம். எடுத்துக்கொண்ட நிலம் சென்னையின் மேற்குப் புறநகர். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்னும் மூன்றும் அவற்றைச் சார்ந்த பகுதிகளுமாம். இம்மூன்றிலிருந்தும் நாள்தோறும் எம் கல்லூரிக்கு வந்து மீளும் மாணவர் பலர். எத்தெருவில் நீர் நிற்கின்றது என்பதை அவர்கள் எமக்குத் தெரிவிப்பர். யாம் அதனைப் படத்திற் சேர்ப்போம். அதனைக் கண்டு பிறர் வழி தெரிந்து செல்வர். எண்ணம் இவ்வளவே.

இந்நிலத்தின் எல்லைகள் அமைதியாய் இருந்தனவல்ல. அம்பத்தூர் தனி நகராட்சியாய் இருந்தது. 2011-ஆம் ஆண்டில் அது சென்னை மாநகராட்சியுட் சேர்க்கப்பட்டது. அப்பொழுது மாநகராட்சியின் வார்டுகள் 155-இலிருந்து 200 ஆயின. பரப்பு ஏறத்தாழ 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆகப் பெருகிற்று. அம்பத்தூர் ஏழாம் மண்டலமாகி, 79 முதல் 93 வரையுள்ள வார்டுகளைப் பெற்றது. 2018-இல் அம்பத்தூர் வட்டம் திருவள்ளூர் மாவட்டத்தினின்றும் நீங்கிச் சென்னை மாவட்டத்தோடு இணைந்தது. 2019-இல் ஆவடி நகராட்சி மாநகராட்சியாயிற்று. 2022-ஆம் ஆண்டுத் தேர்தலில் அதற்கு 48 வார்டுகள். பத்தாண்டுக்குள் இத்துணை மாற்றம்! எல்லையோடு நிறத்தை ஒட்டிவைத்த படம் இங்கு எத்தனை நாள் நிற்கும்? ஆகவே எல்லை வேறாகவும், செய்தி வேறாகவும், இவ்விரண்டையும் கண்டு நிறம் கூறும் விதி வேறாகவும் இருத்தல் இன்றியமையாததாயிற்று.

எல்லைகளை எழுதிவைப்பதற்கு ஜியோஜேசன் என்னும் ஒரு முறை உண்டு. 2008-இல் வகுக்கப்பெற்று, 2016-இல் இணையத் தரமாக ஏற்கப்பட்டது. அதில் ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு உறுப்புகள்: ஒன்று, எல்லையின் மூலைகளைக் குறிக்கும் எண்கள், மற்றொன்று, அப்பகுதியின் பெயர், வார்டு எண் முதலிய பண்புகள். நிறம் என்பது அதில் இல்லை, இருத்தலும் ஆகாது. மூலையைக் குறிக்குங்கால் அம்முறை தீர்க்கரேகையை முன்னும் அட்சரேகையைப் பின்னும் வைக்கும். படம் வரையும் நிரற்றொகுதியோ, தனிப்புள்ளியைக் குறிக்குமிடத்து, அட்சரேகையை முன்னர்க் கேட்கும். இதனை அறியாது யாம் முதல்நாள் அம்பத்தூருக்கு ஒரு புள்ளியிட்டோம். அம்பத்தூர் வடக்கே 13 பாகையிலும் கிழக்கே 80 பாகையிலும் உள்ளது. எண்கள் இடம் மாறவே, எம் அம்பத்தூர் வடதுருவத்தை அடுத்த ஸ்பிட்ஸ்பெர்கன் தீவின் வடகரைக்கு அப்பாற் கடலிற் போய் விழுந்தது. பனிக்கரடிகளோடு தொழிற்பேட்டையை நினைத்து நகைத்தோம். பின்னர் உற்ற பிழை நகைப்பிற்குரியதன்று.

யாம் சொன்ன நிரற்றொகுதி லீஃப்லெட் என்பது. கீவ் நகரத்தவராகிய வொலொதிமிர் அகாஃபோன்கின் என்பார் அதனை 2011-இல் வெளியிட்டார். விலையின்றிக் கிடைப்பது, சிறியது, பழைய கைப்பேசியிலும் இயங்குவது. எம்போன்ற மாணாக்கர்க்கு இதனினும் வேறென்ன வேண்டும்?

முதலில் யாம் செய்த வழி பேதைமையுடையது. அம்பத்தூர் 79-ஆம் வார்டுக்கு இந்நிறம், 80-ஆம் வார்டுக்கு அந்நிறம் என்று ஒவ்வொன்றற்கும் தனித்தனியே எழுதினோம். மூன்று ஊர்க்கும் எழுதி முடிக்க ஒரு மாலைப்பொழுது சென்றது. மறுநாள் மழையின் அளவு மாறிற்று, மீண்டும் எழுதினோம். மூன்றாம் நாள் கைசலித்தது. அப்பொழுதுதான் எம்முள் ஒருவர் யாப்பிலக்கணத்தை நினைவுறுத்தினார்.

ஒரு செய்யுளின் சீர்களுக்கு வாய்பாடு கூறுங்கால் நாம் ஒவ்வொரு சொல்லுக்கும் வாய்பாட்டை மனனம் செய்துவைப்பதில்லை. நேர்நேர் தேமா, நிரைநேர் புளிமா, நிரைநிரை கருவிளம், நேர்நிரை கூவிளம் என்னும் விதி ஒன்றே. எச்சொல் வரினும் அதனை அசையாகப் பிரித்து விதியினிடம் கொடுக்கின்றோம்; விதி வாய்பாட்டைத் திருப்பித் தருகின்றது. ஆவடி என்பது ஆ, வடி என நின்று கூவிளமாம். அம்பத்தூர் என்பது மூன்று நேரசையாய்த் தேமாங்காயாம். பூந்தமல்லி கூவிளங்காய். விதி இம்மூவூரையும் முன்னறிந்ததன்று. கேட்டபோது கேட்டதற்கு விடை தந்தது. செயற்கூறு என்பதும் இதுவே. பகுதியொன்றை அதனிடம் கொடுத்தால், அப்பகுதியின் செய்தியை நோக்கி, நிரப்பும் நிறம், எல்லைக்கோட்டின் தடிப்பு, நிறத்தின் அடர்த்தி ஆகிய மூன்றையும் அது திருப்பித் தரும். லீஃப்லெட் பகுதிகளை ஒவ்வொன்றாக அதன்முன் நிறுத்தி, அது கூறியவாறே வண்ணம் பூசும். பதினைந்து வார்டாயினும் இருநூறு வார்டாயினும் விதி ஒன்றே.

விதிக்குள் என்ன இருக்கும்? மழைப்படத்திற்கு யாம் எழுதியதைச் சொல்லுவாம். இந்திய வானிலை ஆய்வுத்துறை, ஒருநாள் மழை 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 வரை இருப்பின் கனமழை என்றும், 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை என்றும், 204.5-உம் அதன் மேலும் அதி கனமழை என்றும் வகுத்துள்ளது. யாம் இவ்வெல்லைகளையே கொண்டோம். மழை 204.5-க்குக் குறையாதாயின் கருநீலம், அன்றி 115.6-க்குக் குறையாதாயின் நீலம், அன்றி 64.5-க்குக் குறையாதாயின் இளநீலம். இவற்றுள் எதுவும் அன்றாயின் வெளிர்நீலம். மேலிருந்து கீழாகப் படிப்படியாக வினவி வருவது இவ்விதி. கடைசிப் படியை நினைவிற் கொள்க, பின்னர் வேண்டப்படும்.

விதியைச் சோதிப்பதற்கு 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல்நாள் பெருமழையின் அளவுகளைக் கொடுத்துப் பார்த்தோம். மறுநாட் காலை வரையுள்ள ஒருநாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கத்தில் 47, சென்னை நுங்கம்பாக்கத்தில் 29. மூன்றும் 20.45 சென்டிமீட்டரைக் கடந்தமையால் மூன்றும் கருநீலமாயின. விதி தவறிற்றில்லை, ஆனால் 29-க்கும் 49-க்கும் வேற்றுமை தெரியாத படத்தால் யாது பயன்? வானிலைத் துறையார் வகுத்தது மக்களை எச்சரிக்கும் பொருட்டு. எச்சரிக்கைக்கு அது போதும். பெருமழை பெய்த நாளிலே ஊரோடு ஊரை ஒப்பிட விரும்புவார்க்கு மேலே இன்னும் இரண்டு படிகள் வேண்டும். 300 என ஒன்றும் 400 என ஒன்றும் சேர்த்தோம். சேர்த்தது ஓரிடத்தில், மாறியது படமுழுதும். முன்போல் வார்டுதோறும் எழுதியிருந்தால் அவ்விரண்டு படிக்காக மீண்டும் ஒரு மாலைப்பொழுது கழிந்திருக்கும்.

இவ்விதியை மழைக்கு மட்டும் எழுதிவைத்தால், நீர் தேங்கிய தெருக்களுக்கு வேறொன்று எழுதவேண்டும். அதனினும் நல்ல வழி உண்டு. எண்ணெல்லைகளையும் நிறங்களையும் பெற்றுக்கொண்டு, அவற்றிற்கேற்ப நிறம் கூறும் ஒரு செயற்கூற்றையே ஆக்கித் தரும் மற்றொரு செயற்கூற்றை எழுதலாம். விதியைப் பிறப்பிக்கும் விதி என்க. மழைக்கு ஓரெல்லைத் தொகுதியைக் கொடுத்து ஒன்று பெற்றோம். தெருக்களுக்கு வேறொரு தொகுதியைக் கொடுத்து வேறொன்று பெற்றோம். தெருப்படத்தில் நீர் நின்ற தெருக்களின் எண்ணிக்கையை அப்படியே கொள்ளாது, அவ்வார்டிலுள்ள தெருக்களில் நூற்றுக்கு எத்தனை எனக் கொண்டோம். அன்றேல் தெரு மிகுந்த வார்டு எந்நாளும் இருண்டே காணும்.

நிற்க. விரல் தொட்டவுடன் பகுதி விளங்கித் தோன்றலும், விரலை எடுத்தவுடன் பழைய நிலையை அடைதலும் இப்படங்களின் அழகு. விளங்கச் செய்வது எளிது: கோட்டைத் தடிப்பாக்கு என்று ஒரு செயற்கூறு. பழைய நிலைக்கு மீட்பது எங்ஙனம்? பழைய நிறத்தை எங்கேனும் எழுதிவைத்து மீட்க வேண்டுவதில்லை. நிறவிதியையே மீண்டும் ஒருமுறை கேட்டால் அது பழைய விடையையே தரும். லீஃப்லெட்டில் இதற்கென ஒரு கருவியும் உளது.

அக்கருவியில் ஒரு சூழ்ச்சி கிடந்தது. அதில் இரண்டு நாள் கழிந்தது. மழைப்படத்தைத் தெருப்படமாக மாற்றுவதற்கு, புதிய விதியைக் கொடுத்துப் படமுழுதையும் மறுநிறமூட்டினோம். நன்றாகவே மாறிற்று. ஆனால் அம்பத்தூரில் ஒரு வார்டைத் தொட்டு விரலை எடுத்தபோது அவ்வார்டு மட்டும் மழைநிறத்திற்குத் திரும்பியது. தொட்ட வார்டெல்லாம் ஒவ்வொன்றாகப் பழமைக்குப் போயின! ஆராய்ந்தபின் விளங்கிற்று: மீட்கும் கருவி, படம் பிறந்த அன்று கொடுத்த முதல் விதியையே நினைவிற் கொண்டுள்ளது; பின்னர்க் கொடுத்த விதியைப் பூசுமேயன்றி நினைவில் வையாது. ஆகவே விதியை மாற்றுதல் கூடாது. இப்பொழுது காட்டவேண்டுவது மழையா தெருவா என்று ஓரிடத்திற் குறித்துவைத்து, முதலிற் கொடுத்த அவ்வொரு விதியே அக்குறிப்பைப் பார்த்து விடை கூறுமாறு செய்தல் வேண்டும். அங்ஙனம் செய்தபின் பூசுவதும் மீட்பதும் ஒன்றையே கேட்டன, பிணக்குத் தீர்ந்தது.

இனி, மேலே சொல்லாது வைத்த பிழைக்கு வருவாம்.

மழை நாளொன்றில் எம் படம் தோழர் பலர் கைப்பேசிகளிற் சென்றது. அதிற் பூந்தமல்லி வெளிர்நிறமாய்க் காணப்பட்டது. அதனைக் கண்டு, அவ்வழியே சைக்கிளிற் சென்ற மாணவர் ஒருவர் முழங்கால் நீரில் இறங்கி, வண்டியைத் தூக்கிக்கொண்டு இருட்டில் வீடு சேர்ந்தார். மறுநாள் அவர் எம்மைச் சினந்தாரல்லர். “உங்கள் படத்தில் தண்ணீர் இல்லையே” என்று மட்டும் கூறினார். சாக்கடை மூடி ஒன்று திறந்து கிடந்திருந்தால் என்னாவது என்று எண்ணியபோது எமக்கு வாய் எழவில்லை.

தேடினோம். பூந்தமல்லியிலிருந்து செய்தி வந்திருந்தது, எம்மிடம் உள்ளது. எல்லைக் கோப்பிலோ அவ்வூர் பூவிருந்தவல்லி என்னும் பெயரால் எழுதப்பட்டிருந்தது. பெயரைக்கொண்டே எல்லையையும் செய்தியையும் பொருத்தினோமாதலின், கணிப்பொறிக்கு அவை இரண்டு ஊர். யாப்பு வழியும் அப்படியே அன்றோ? பூந்தமல்லி கூவிளங்காய், பூவிருந்தவல்லி கூவிளநறும்பூ. பேருந்துப் பலகையில் எதனைக் கண்டாலும் நமக்கு ஓரூராகத் தோன்றுவது, எழுத்தையே நோக்கும் பொறிக்கு ஓரூராகத் தோன்றுமா?

இதுவும் பாதிப் பிழையே. செய்தி கிடையாதபோது எம் விதி “அறியேன்” என்று கூறியிருப்பின் ஒருவரும் நனைந்திரார். அஃது அங்ஙனம் கூறிற்றில்லை. ஜாவாஸ்கிரிப்ட் என்னும் கணிமொழியில், இல்லாத பொருளை ஓரெண்ணோடு ஒப்பிட்டுப் பெரிதா எனக் கேட்பின், அது அஞ்சி நில்லாது. இல்லை என்றே விடை கூறும். முதற்படியில் இல்லை, இரண்டாம் படியில் இல்லை, மூன்றாவதிலும் இல்லை. எனவே கடைசிப் படியில் வந்து வீழ்ந்து வெளிர்நிறம் பெற்றது. நீர் இல்லாத ஊர்க்கு எந்நிறமோ, செய்தி இல்லாத ஊர்க்கும் அந்நிறமே. படிப்படியாக இறங்கும் இத்தகைய நிறவிதியைத் தொடக்க மாணாக்கர் பலரும் எழுதுகின்றனர். லீஃப்லெட்டின் பாடத்தில் அமெரிக்க மாநிலங்களின் மக்களடர்த்திக்குக் காட்டியதும் இவ்வமைப்பே. அம்மாநிலங்கள் அனைத்திற்கும் எண் உண்டு. ஆதலின் அங்கே கேடில்லை. வெள்ளநாளிற் செய்தி எல்லாவிடத்தினின்றும் வருவதில்லை, இங்கே கேடு.

ஒருமுறை எழுதிப் பலமுறை கேட்கும் விதியின் பெருமையை மேலே பேசினோம். அதன் மறுபுறம் இதுவே. வார்டுதோறும் கையால் நிறமிட்ட நாளில் ஒரு வார்டிற் செய்த தவறு அவ்வார்டோடு ஒழியும். விதியிற் கிடந்த ஒரு குறையோ, செய்தி வாராத ஒவ்வொரு வார்டிலும், ஒவ்வொரு மழைநாளிலும், யாம் அறியாமலே தன்னைத் திருப்பித் திருப்பிச் சொல்லிற்று.

2015-ஆம் ஆண்டு வெள்ளத்தின்போது சென்னைக்கென இத்தகைய படமொன்று ஆக்கப்பட்டது. நிலப்பட வல்லுநராகிய அருண் கணேஷ் என்பார், 2004-இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தெருக்களை அடியாக வைத்து அதனை அமைத்தார். நீர் நிற்கும் தெருவை மக்களே தொட்டுக் குறிக்கலாம். குறித்த தெரு வேறு நிறத்திற் காணும். மிகப் பலர் குறித்தனர். மிகப் பலர் பயன் பெற்றனர். அப்படத்தை இன்று எண்ணுங்கால் எமக்குத் தோன்றுவது, குறிக்கப்படாத தெருக்களைப் பற்றியே. ஒரு தெரு குறிக்கப்படாமல் இருந்தமைக்கு அங்கு நீர் இல்லாமை ஒரு காரணமாகலாம். மின்சாரம் நின்று கைப்பேசி அவிந்தமையும் காரணமாகலாம். நீர் மிக உயர்ந்த தெருவிலன்றோ குறிப்பதற்கு ஒருவரும் இரார்? தெருவைக் குறிக்கும் படத்தில் குறியின்மை குறியின்மையாகவே தோன்றும்; பார்ப்பவர் அதனை ஓரளவு ஊகித்துக்கொள்வர். பகுதி முழுதும் நிறம் நிரப்பும் எம்போன்றார் படத்திலோ வெறுமைக்கும் ஒரு நிறம் பூசப்பட்டுவிடுகின்றது. பூசிய நிறத்தைக் கண்டவர் அதனைச் செய்தி என்றே கொள்வர்.

பகுதிகளுக்கு அளவின்படி நிழல் தீட்டும் வழக்கம் புதிதன்று. 1826-இல் பிரெஞ்சு அறிஞர் சார்ல் துப்பென் தம் நாட்டின் மாவட்டங்களைக் கல்வியின் அளவிற்கேற்ப, கல்வி குறைந்தவை இருண்டும் மிகுந்தவை வெளுத்தும் தோன்றுமாறு காட்டினார். வெளுப்பு என்பது நன்மைக்கு அடையாளம் என்னும் பழக்கம் கண்ணுக்கு அன்றே ஏற்பட்டுவிட்டது போலும். எம் படத்தைக் கண்ட மாணவரும் வெளிர்நிறத்தை நன்மை என்றே கொண்டார்.

திருத்தம் சிறிது. விதியின் தலைவாயிலில் ஒரு வினா வைத்தோம்: இப்பகுதிக்கு எண் உண்டா? இல்லையாயின் படிகளுக்குள் இறங்காமலே சாம்பல்நிறமும் விட்டுவிட்டு ஓடும் எல்லைக்கோடும் தந்து வெளியேறுக. பூச்சியம் என்னும் எண் வந்தால் மட்டுமே வெளிர்நிறம். சாம்பலை நீலத்தோடு சேராத நிறமாகத் தெரிந்துகொண்டோம். அதன் பொருளைப் படத்தின் மூலையில் “செய்தி இல்லை” என்று எழுத்தாலும் எழுதினோம். நிறவேற்றுமை காண இயலாத கண்ணுடையாரும் உளராதலின், விட்டுவிட்டு ஓடும் கோடு அவர் பொருட்டு.

பெயரால் பொருத்துவதையும் விட்டோம். வார்டு எண்ணாற் பொருத்தலாம் எனின், ஆவடியிலும் 5-ஆம் வார்டு உண்டு, பூந்தமல்லியிலும் உண்டு. ஆகவே ஊர்க்கு ஒரு குறியும் அதனை அடுத்து எண்ணும் சேர்த்து ஒவ்வொரு பகுதிக்கும் தனிக்குறி இட்டோம். பெயர் எப்படி வேண்டுமானாலும் எழுதப்படட்டும். படத்தைப் பார்ப்பார்க்கு அது தோன்றும். விதி அதனை நோக்காது. இன்னும் ஒன்று செய்தோம்: செய்திக் கோப்பில் உள்ள ஏதேனும் ஒரு வரி எந்த எல்லையோடும் பொருந்தாது எஞ்சுமாயின், அது படத்தின் அடியில் சிவப்பெழுத்தில் தோன்றும். அன்று இஃது இருந்திருப்பின் பூந்தமல்லி தானே கூவியிருக்கும்.

திருத்திய படத்தைத் திறந்த அன்று எமக்கு ஒரு நாணம் உண்டாயிற்று. முன்னர் முழுதும் நீலமாய் விளங்கிய படத்திற் பாதிக்குமேல் சாம்பலாயிற்று. அத்துணை இடங்களைப் பற்றி யாம் ஒன்றும் அறியாமலே நிறம் கூறி வந்திருக்கின்றோம்! அம்பத்தூர் வார்டுகளிற் பெரும்பாலானவற்றிற்குச் செய்தி தருவார் உளர். ஆவடியின் வடபுறத்திற்கும், பூந்தமல்லிக்கு மேற்கே செம்பரம்பாக்கம் ஏரியை நோக்கிச் செல்லும் பகுதிக்கும் இன்னும் ஒருவரும் கிடைத்திலர். அப்பக்கங்களிலிருந்து நம் கல்லூரிக்கு வரும் மாணவரோ, அங்கு வாழும் பழைய மாணவரோ இதனைப் படிப்பாராயின், மழை நாளில் தம் தெருவின் நிலையை ஒரு வரியில் எமக்கு எழுதுக. தெருவில் நீர் இல்லாவிடினும் இல்லை என்றே எழுதுக. அவ்வரிக்கும் எம் விதியில் ஒரு நிறம் உண்டு.